சொதியில் மணத்த கடல்

போரில் இடம்பெயர்ந்து, கீரிக் கரையில் நாங்கள் மீளக்குடியேறிய வருடம், வள்ளங்கள் கட்டி நிற்கும் ஆழமில்லாத தண்ணீரில் காலை வெயில் பட்டதும் நீலமும் ஊதாவும் மஞ்சளுமாக நிறங்கள் நெளியும். மண்ணெண்ணெய் நாற்றம் மூக்கைத் துளைக்கும். சிறுமிகளான நாங்கள் அதற்குக் "கடல் சீலை" என்று பெயர் வைத்து, எங்கள் ஊருக்கு மட்டும் கிடைத்த அதிசயம் என்று பெருமையடித்துத் திரிந்தோம். அதை நெய்தவர்கள் என் அப்பாவும் அவருடைய கூட்டாளிகளும்தான். இயந்திரத்துக்கு எண்ணெய் கலக்கும் "கான்"களை அவர்கள் கடலிலேயே அலசிக் கவிழ்ப்பார்கள். கடல் பெரியது, எல்லாவற்றையும் தாங்கும் என்பது அப்பாவின் கட்சி.

அம்மாவுக்கு அந்த வருடம் வேறொரு கவலை. அவளோடு ஒன்றாகப் படித்த எருக்கலம்பிட்டி பரீதா மாமி, தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களைப்போல ஊரோடு வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழ்ந்தவர், திரும்பி வந்ததும் எங்கள் வீட்டில் சாப்பிட வருவதாகச் சொல்லியனுப்பினார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: கரையோரப் பாசியில் மேய்ந்த ஓரா மீன் சொதி. பாசி கருகி மீன் அருகிப்போயிருந்த வள்ளத்தடியில் அப்பா அரைநாள் வலையோடு நின்று ஒரு சட்டிக்குப் போதுமானதைக் கொண்டுவந்தார். அம்மா தேங்காய்ப்பால் விட்டு இறக்கி, அகப்பையை முகர்ந்தாள், மண்ணெண்ணெய் மணத்தது, முகம் வாடிவிட்டது.

"குழம்பெண்டால் தூள் மறைக்கும். சொதி ஒண்டையும் மறைக்காது" என்றாள். வேறு மீன் வாங்க நேரமில்லை. மாமி வாசல் படலையைத் திறந்துகொண்டிருந்தார்.

மாமி ஒரு வாய் வைத்தார். மெல்ல மென்றார். பார்த்துக்கொண்டு நின்ற அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மாமி விழுங்கிவிட்டுச் சிரித்தார். பிறகு அப்பாவைப் பார்த்து, "நாங்க வந்திட்டம். மீனையும் வர விடுங்கோ" என்றார்.

அம்மா கூட்டாளிகளையும் கூப்பிடச் சொல்லி, மிச்சச் சொதியை ஆளுக்கொரு கோப்பையில் ஊற்றி முன்னால் வைத்தாள். கடல் எல்லாவற்றையும் தாங்கும் என்றவர்களால் அந்த ஒரு கோப்பையைத் தாங்க முடியவில்லை. மறுநாளிலிருந்து கான்களைக் கரைக்கு மேலே வைத்துத் துணியால் துடைத்தார்கள். கழிவு எண்ணெய் வேலித்தடிகளுக்குக் கறையான் மருந்தாயிற்று.

இப்போது ஊருக்குப் போனால் அந்தக் கடல் சீலை இல்லை. அது மறைந்துபோனதற்காக நான் அழுதிருக்கிறேன் என்றால் என் மகள் நம்பமாட்டாள். அது கிடந்த இடத்தில் பாசி படர்ந்து, முழங்கால் தண்ணீரில் ஓராக் குஞ்சுகள் காலடியில் சிதறி ஓடுகின்றன. பரீதா மாமி இன்றும் வருகிறார். சொதியை முதலில் முகர்ந்துதான் பார்ப்பார். அவர் இரண்டாந்தரம் கோப்பையை நீட்டும்வரை, அடுப்படியில் நிற்கும் அம்மா மூச்சு விடமாட்டாள்.