துவாதசியன்று ஒரு ஏகாதசி

சுவாமி அமோகானந்தர் எல்லாவற்றையும் துறந்தவர்தான். கவலைப்படுவதை மட்டும் துறக்கவில்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இந்து மாணவர்களுக்கான குருவாக வந்த நாள்முதல் அது கூடிக்கொண்டேதான் போனது. வேதாந்தம் கேட்க யாரும் வரவில்லை. தேர்வு பயம், காதல் முறிவு, ஊரில் அப்பாவுக்கு ஆபரேஷன் என்றுதான் பிள்ளைகள் வந்தார்கள். இவரும் காவிக்கு மேல் தடித்த கோட்டை மாட்டிக்கொண்டு, பனியில் வழுக்கி வழுக்கி அவர்கள் பின்னாலேயே அலைந்தார்.

அன்று மத்தியானம் பூஜை முடிந்து ரவா கேசரி கொடுத்துக்கொண்டிருந்தார். மாணவி த்வனி பட்டேல் கை நீட்டவில்லை.

"இன்னைக்கு ஏகாதசி, சுவாமிஜி."

"சரிம்மா, சரி," என்று தலையாட்டினார். அவள் பூட்ஸை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

கரண்டி கேசரியிலேயே நின்றது. நேற்றல்லவா ஏகாதசி? பட்டினி கிடந்து, காலையில் உப்புமாவை அள்ளி அள்ளிச் சாப்பிட்டவர் இவர். இன்று துவாதசி. விரதம் இருந்தவர்கள் சாப்பிட்டே ஆகவேண்டிய நாள்.

போன வாரம் திங்களன்று சோமவார விரதம் என்றாள். அதற்கு முன் வேறென்னவோ சொன்னாள். ஒவ்வொரு முறையும் இவர் பூரித்துப் போனார். தீபாவளிக் கூட்டத்தில் அவளை எழுப்பி நிற்க வைத்து, "இந்த வயசுல இப்படி ஒரு தபஸ்வினி!" என்று மைக்கில் வேறு சொன்னார்.

அடுத்த அறையிலிருந்து யூத மாணவர்களுக்கான குரு டோவா எட்டிப் பார்த்தாள். "என்ன சாமி, கேசரி தீஞ்சுபோச்சா? மூஞ்சி இப்படிக் கிடக்கு?"

"டோவா, உங்க விரதத்தன்னைக்கு உடம்பு முடியாதவங்க என்ன பண்ணுவாங்க?"

"சாப்பிடுவாங்க. மாட்டேன்னா நானே போய் ஊட்டிவிடுவேன். ஏன், யாருக்கு என்ன?"

கோட்டை எடுத்துக்கொண்டு த்வனியின் விடுதிக்குக் கிளம்பினார்.

விடுதியில் மாணவர் அட்டை இல்லாமல் மேலே போக முடியாது. கீழே நின்றபடி போன் செய்தார். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தார். தப்பாக நினைத்துவிட்டோமோ? திதியைக் குழப்பிக்கொண்டிருப்பாளோ? மயங்கிக் கிடக்கிறாளோ? கடைசியில் ஒரு செய்தி அனுப்பினார்: 'வாசலில் நிற்கிறேன்.' சந்நியாசியை வாசலில் காக்க வைக்கும் வளர்ப்பல்ல அவளுடையது. அது இவருக்குத் தெரியும்.

வந்தாள். ஸ்வெட்டருக்குள் ஆளே இல்லாத மாதிரி இருந்தாள். இதை இத்தனை நாள் எப்படிப் பார்க்காமல் இருந்தோம் என்று அவருக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

"ஏகாதசி நேத்தே போயிடுச்சும்மா."

"ஓ... மாத்திப் பாத்துட்டேன் போலிருக்கு."

"நான் விரதம் இருந்தா ராத்திரி பூரா உப்புமாவைத்தான் நெனச்சுக்கிட்டிருப்பேன். நீ எதை நெனப்பே?"

அவள் சிரிக்கப் பார்த்தாள், உதடு கோணியது. "சாப்பாட்டை நெனச்சா பயமா இருக்கு, சுவாமிஜி."

"எப்பலேர்ந்து?"

"முன்னாலேயே இருந்துச்சு. அப்பெல்லாம் ஒளிச்சு ஒளிச்சுப் பட்டினி கிடப்பேன். நீங்க எல்லார் முன்னாடியும் சொன்னீங்களே, கை தட்டினாங்க. வீடியோ பாத்துட்டு அம்மா சந்தோஷத்துல அழுதாங்க. அதுக்கப்புறம் எப்படி நிறுத்தறது?"

அவருக்குச் சொல்வதற்குச் சுலோகம் ஒன்றும் வரவில்லை. நல்லவேளை, வரவில்லை.

"தப்பு என்னுதும்மா. எனக்குத் தெரியல. டாக்டர்கிட்ட போலாம், நானும் வரேன்."

"எல்லாருக்கும் தெரிஞ்சுடுமே? தபஸ்வினின்னு சொன்ன வாயெல்லாம்..."

"அப்படிச் சொன்ன வாய் இதுதானே? ஞாயித்துக்கிழமை அதே மைக்கில நான் சொல்றேன், பட்டினியைப் பக்தின்னு நெனச்சு ஏமாந்துட்டேன்னு. உன் பேரு வராது. என் பேருதான் வரும்."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு, "கோட் எடுத்துட்டு வரேன்," என்று லிஃப்டில் ஏறினாள்.

கதவு மூடிக்கொண்டது. வராமல் போய்விட்டால்? அறையைப் பூட்டிக்கொண்டால்? அவர் லிஃப்டின் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். ஜபம்கூடத் தப்பித் தப்பி வந்தது.

கதவு திறந்தது. கோட் போட்டிருந்தாள்.

"மெதுவா நடங்க, சுவாமிஜி," என்றாள். "என்னால வேகமா நடக்க முடியல."