கழுவாத ஆறாவது பீக்கர்

ஈர மண் வாசனை, அதோட கொஞ்சம் குளோரின் நெடி... அறுபதுகளின் தொடக்கத்துல, சிங்கப்பூர்ல நான் வேலைக்குச் சேர்ந்த தண்ணி சுத்திகரிக்கிற இடத்து லேப், இன்னும் மூக்குலயே நிக்குது.

சிராங்கூன் ரோட்டுலேருந்து பஸ் புடிச்சுப் போவேன். சேர்ந்து மூணு மாசம், வேலை இன்னும் நிரந்தரமாகல. ஆறு கண்ணாடி பீக்கர்ல கலங்கல் தண்ணி ஊத்தி, ஒவ்வொண்ணுலயும் வேற வேற அளவு படிகாரம் போட்டுக் கலக்கணும். எதுல அழுக்கு திரண்டு அடியில உக்காருதோ, அந்த அளவைத்தான் பிளான்ட்டுக்குச் சொல்லுவோம். ஊருக்கே அந்தத் தண்ணிதான்.

அன்னைக்கு, மூணு நாள் பேய்மழைக்கு அப்புறம் வந்த தண்ணி... பால் ஊத்தாத தேத்தண்ணி, தே-ஓ கலர்!

படிகாரத்தக் கூட்டிப் பார்த்தேன். அஞ்சு பீக்கர் அப்படியே கலங்கி நின்னுச்சு. ஆறாவது மட்டும் பஞ்சு பஞ்சா திரண்டு, மெல்ல இறங்கி, மேல தெளிஞ்ச தண்ணி. வாயப் பொளந்து பார்த்தேன்.

அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. முந்தின நாள் நான் சுண்ணாம்பு கரைச்ச பீக்கர் அது. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கழுவாம வெச்சுட்டு ஓடியிருந்தேன். அடியில ஒட்டியிருந்த அந்தச் சுண்ணாம்புதான் படிகாரத்தோட சேர்ந்து வேலை செஞ்சிருக்கு.

எங்க கெமிஸ்ட் யாழ்ப்பாணத்துக்காரர். கழுவாத கண்ணாடிக்காக ஒருத்தர வேலைய விட்டே அனுப்பினவர்.

"என்ன பிள்ளை, அளவு கிடைச்சுதோ?"

ஆறாவதக் காட்டி அளவ மட்டும் சொல்லியிருந்தா தப்பிச்சிருப்பேன். ஆனா சுண்ணாம்பு இல்லாம அந்த அளவு வேலைக்கு ஆகாது... ஊர் பூரா குழாயில தே-ஓதான் வரும். உண்மையச் சொல்லிட்டேன்.

அவர் அந்தப் பீக்கரத் தூக்கி வெளிச்சத்துல பார்த்தார்.

"மற்ற அஞ்சுக்கும் சுண்ணாம்பு போடும் பிள்ளை, பாப்பம்."

போட்டுக் கலக்கினேன்.

அப்பப்பா... ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வரிசையா திரள ஆரம்பிச்சுச்சு. கண்ணாடிக்குள்ள மெதுவா மழை பெய்யற மாதிரி அழுக்கு இறங்குது. நாங்க ரெண்டு பேரும் மூச்சு விடாம பார்த்தோம். அவர் கண்ணுலயும் அதே ஆச்சரியம்.

"இனிக் கழுவி வையும்"னு மட்டும் சொல்லிட்டு, அளவ எழுதி எடுத்துக்கிட்டுப் போனார். அடுத்த மாசம் என் வேலை நிரந்தரம் ஆச்சு.

இப்ப தோ பாயோ வீட்டுல குழாயத் திறந்தா பளிச்சுன்னு தண்ணி. நான் டம்ளர வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தா, "அம்மா, அது கிளீன் லா!"ன்னு மக சிரிக்கிறா. அந்தப் பஞ்சு இறங்கினத அவ பார்த்ததில்லையே...

கழுவாத டம்ளர் கிடந்தா இப்பவும் சத்தம் போடுவேன். ஆனா அதுக்கு முன்னாடி, உள்ள ஒரு தடவ எட்டிப் பார்த்துக்குவேன்.