உரிய அதிகாரி யார்?

சிறுதொழில் செய்பவர்களுக்கான சட்டக் கையேடு ஒன்றில் ஐந்தாவது அத்தியாயத்தை எழுதியவள் நான். சென்னையில் உள்ள பதிப்பகம் ஒன்று அந்தப் புத்தகத்தை நான்கு வழக்கறிஞர்களுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தது. கடை, உணவகம், மாவு மில் போன்றவற்றுக்கு உரிமம் வாங்குவது எப்படி என்ற பகுதி என் பங்குக்கு வந்தது. நீதிமன்ற விடுமுறை நாட்களில், வில்லியனூரில் என் அலுவலக மேசைமேல் தடித்த இரண்டு ஆங்கிலப் புத்தகங்களை விரித்துவைத்து எழுதி முடித்தேன். அவை இரண்டுமே தமிழ்நாட்டு விதிகளைப் பற்றியவை. புத்தகம் பெரும்பாலும் அங்கேதான் விற்கும் என்று பதிப்பகத்தார் சொல்லியிருந்தார்கள். நான் வாழ்வது புதுச்சேரியில், இங்கே அலுவலகங்களும் விதிகளும் வேறு என்பது எனக்குத் தெரியாததல்ல. எழுதும்போது அதை நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

புத்தகம் வெளிவந்து ஓர் ஆண்டு ஆகியிருக்கும். ஒரு மதியம் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண் ஒருவர் என் அலுவலகத்துக்குப் படியேறி வந்தார். அரியூர்ப் பக்கத்துக் கிராமம். அம்மா அப்பா இருவரும் நடவு, கரும்பு வெட்டு என்று கூலி வேலை செய்தவர்கள். இவர் சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் பல வருடம் சமைத்தவர். இப்போது ஊருக்குப் பக்கத்திலேயே, வெளியூரிலிருந்து வந்து தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்காகச் சொந்தமாக ஒரு மெஸ் வைக்க வேண்டும் என்று ஓர் இடம் பார்த்திருந்தார்.

பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். செய்தித்தாளால் அட்டை போட்டிருந்தது. பக்கங்களுக்கு நடுவே அடையாளத்துக்குப் பேருந்துச் சீட்டுகள். திறந்து காட்டியது என் அத்தியாயம். அதை எழுதியது நான் என்று அவருக்குத் தெரியாது.

"இதுல இருக்கிற மாதிரியே எழுதி எடுத்துகினு போனேன் மேடம். மூணு ஆபீஸ் ஏறி எறங்கிட்டேன். இந்த ஃபாரமே இங்க கெடையாதுன்றாங்க."

அவர் நீட்டிய விண்ணப்பத்தைப் பார்த்தேன். நான் கொடுத்திருந்த மாதிரிப் படிவம்தான். ஊராட்சி ஒன்றியம் என்ற சொல்லைக்கூட மாற்றாமல், அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். எங்கள் பக்கத்தில் அந்த வேலையைப் பார்ப்பது கொம்யூன் பஞ்சாயத்து.

"அது கூட போவுது மேடம். இதச் சொல்லுங்க." விரலால் ஒரு வரியைத் தொட்டார். "உரிய அதிகாரியிடம் சமர்ப்பிக்க வேண்டும்னு போட்டிருக்கு. உரிய அதிகாரின்னா யாரு? எந்த ரூம்ல இருப்பாரு?"

"நாளைக்குக் காலையில கொம்யூன் ஆபீசுக்கு வாங்க. நானும் வரேன்," என்று மட்டும் சொன்னேன்.

"இத எழுதுனவங்க நம்ம பக்கம் வந்ததே இல்ல போல," என்று சிரித்துக்கொண்டே புத்தகத்தைப் பையில் வைத்தார். அப்போதே சொல்லியிருக்கலாம். அவர் போன பிறகு அலமாரியிலிருந்து என் பிரதியை எடுத்து அந்த அத்தியாயத்தை முழுக்கப் படித்தேன். எனக்கு நிச்சயமில்லாத இடங்களில் எல்லாம் "உரிய" என்று போட்டுக் கடந்து போயிருந்தேன். உரிய படிவம், உரிய ஆவணம், உரிய காலம்.

மறுநாள் கொம்யூன் அலுவலகத்தில் முதலில் நின்றதே தவறான வரிசை. அது பிறப்புச் சான்றிதழுக்கானது. சரியான மேசையைக் கண்டுபிடித்ததும் அங்கிருந்த எழுத்தர் ஒவ்வொன்றாகக் கேட்டார்: கட்டடத்தின் வீட்டு வரி ரசீது, இடத்துக்காரரின் சம்மதக் கடிதம், எந்தப் பக்கம் அடுப்பு, எந்தப் பக்கம் சாக்கடை என்று காட்டும் ஒரு வரைபடம். இவற்றில் ஒன்றுகூட என் அத்தியாயத்தில் இல்லை. அந்தப் பெண் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். பக்கத்தில் நின்று நானும் எழுதினேன்.

வெளியே வந்து வேப்பமரத்தடி சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். அங்கேதான் சொன்னேன்.

"அந்த அத்தியாயம் நான் எழுதினதுதாம்மா."

அவர் என்னைப் பார்த்தார். புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த பெயர்களின்மேல் விரலை ஓட்டினார். என் பெயரில் விரல் நின்றது.

"நேத்தே ஏன் சொல்லல?"

"வெட்கமா இருந்துது."

"மூணு நாளு வேலைய வுட்டுட்டு அலைஞ்சேன் மேடம். பொஸ்தகத்துல தப்பு இருக்கும்னு தோணவே இல்ல. நான்தான் ஒழுங்கா புரிஞ்சிக்கலன்னு நெனச்சிகினு இருந்தேன்."

அவர் குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால் சமாளித்திருப்பேன். தன்மேல்தான் தப்பு என்று மூன்று நாள் நினைத்திருந்தார் என்பதைத்தான் சமாளிக்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவர் புத்தகத்தை மூடிப் பையில் வைத்தார். பிறகு, "சரி, இப்ப இன்னா பண்ணப் போறீங்க?" என்று கேட்டார்.

பதிப்பகத்துக்கு எழுதினேன். அடுத்த பதிப்பில் புதுச்சேரிக்குத் தனிப் பகுதி சேர்க்க ஒப்புக்கொண்டார்கள். இந்த முறை புத்தகங்களைப் பார்த்து எழுதவில்லை. பாகூர், மண்ணாடிப்பட்டு கொம்யூன் அலுவலகங்களுக்கும் போய், மேசை மேசையாகக் கேட்டு எழுதினேன். அதற்குள் அவருக்கு உரிமம் கிடைத்து மெஸ் தொடங்கிவிட்டது. மதியக் கூட்டம் கலைந்த பிறகு போய், எழுதியதைப் படித்துக் காட்டுவேன். பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்பார்.

"இசைவுக் கடிதம்னா?"

"சம்மதக் கடிதம்."

"அப்ப சம்மதம்னே போடுங்களேன். எத்தினி காப்பி வேணும்னு போட்டீங்களா?"

போடவில்லை. போட்டேன். பன்னிரண்டு மணிக்கு முன்னால் அலுவலகத்துக்குப் போய்விடுவது நல்லது என்று அவர் சொன்னதையும் சேர்த்தேன். இது சட்டப் புத்தகத்தில் வரக்கூடிய வாக்கியமா என்று பதிப்பாசிரியர் கேட்டார். அரை மணி நேரம் வாதாடினேன். நீதிமன்றத்தில்கூட ஒரு வரிக்காக அவ்வளவு நேரம் பேசியதில்லை. அந்த வாக்கியம் தங்கியது. அத்தியாயத்தில் "உரிய" எல்லா இடத்திலும் ஒழிந்தது என்று சொல்ல முடியாது. இரண்டு இடங்களில் அலுவலகத்தாருக்கே தெரியவில்லை. அங்கே, "இதை நேரில் கேட்டுக்கொள்ளுங்கள், எங்களுக்கும் உறுதியாகத் தெரியவில்லை" என்று எழுதினேன். நீதிமன்றத்தில் மூத்த வழக்கறிஞர் ஒருவர் அச்சான புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பஸ்சுக்கு வழி சொல்ற மாதிரி இருக்கேம்மா" என்றார். ஒரு மாதம் கழித்து, தன்னிடம் வருகிறவர்களுக்குக் கொடுக்க மூன்று பிரதி கேட்டார்.

அதற்கெல்லாம் முன்பே, புதிய பதிப்பு கைக்கு வந்ததும் முதல் பிரதியை எடுத்துக்கொண்டு மெஸ்ஸுக்குப் போனபோது காலை எட்டு மணி. நல்ல கூட்டம். அவர் ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கி, அடுப்பருகே நின்றபடியே அந்தப் பகுதியைக் கடைசி வரி வரைக்கும் படித்தார். அவர் ஏதாவது சொல்வார் என்று நின்றுகொண்டிருந்தேன். புத்தகத்தை மூடிவிட்டு ஒரு தட்டில் இட்லி வைத்து நீட்டினார்.

"ஒக்காருக்கா. இட்லி ஆறிடும்," என்றார்.