பிண்டர் என்ற பெயர் ஒட்டிக்கொண்ட விதம்

யார்க்‌ஷர் சீமையில், ஹேகல்பி கிராமத்துக் கில்பர்ட் பிடித்துப் பட்டியில் அடைக்காத நாலுகால் பிராணியே கிடையாது. கடல் தாண்டி வந்த யானை ஒன்றைக்கூட ஒருமுறை அடைத்தான். சரி, யானை கொஞ்சம் அதிகம்தான். பாதிரியாரின் பெண்பன்றி என்று வைத்துக்கொள்ளுங்கள். பருமனில் பெரிய வித்தியாசமில்லை.

வேலி தாண்டி அடுத்தவன் பயிரை மேயும் மாட்டையும் வாத்தையும் பிடித்து ஊர்ப்பட்டியில் அடைப்பவனுக்குப் பிண்டர் என்று பெயர். உடையவன் நேரில் வந்து, நாலு பேர் முன்னால் தப்பை ஒப்புக்கொண்டால்தான் பட்டிக் கதவு திறக்கும். அதனால் பிண்டரைக் கண்டால் யாருக்கும் ஆகாது. கில்பர்ட் பீர்க்கடைக்குள் நுழைந்ததுமே பெஞ்சில் இருப்பவர்கள் காலை அகட்டி உட்கார்ந்து இடத்தை அடைத்துக்கொள்வார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டான். ஆனால், செப்டம்பர் கடைசியில் வருகிற மிக்கேல் திருநாளில் பண்ணை மன்றம் கூடும்போது எழுத்தர் ஊரார் பெயர்களை அவரவர் தொழிலையோ வீட்டையோ வைத்துத் தோல்சுருளில் புதிதாக எழுதப்போகிறார், அதில் விழும் பெயர்தான் பிள்ளைக்கும் பேரனுக்கும் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவனுக்கு ரொட்டி இறங்கவில்லை. அவன் வீடு கிணற்றடியில் இருந்தது. கிணற்றடிக்காரன் என்று பொருள்பட 'அட்வெல்' என்று எழுதினால் எவ்வளவு கௌரவம்!

"அதே மன்றத்துலதானே புதுப் பிண்டரையும் தேர்ந்தெடுக்கிறாங்க. வேலை போச்சுன்னா பேரும் போயிடும்" என்றான் மனைவி எம்மட்டிடம்.

"அப்போ வேலையைக் கெடுத்துத்தான் பாரேன், மனுசா" என்றாள் அவள், சிரிக்காமல்.

கெடுத்தான். கோடை முழுவதும் ஓக் மரத்தடியில் படுத்துக் கிடந்தான். வாத்துகள் பட்டாணியைத் தின்றன. வாட் என்பவனின் காளை ஊரார் கோதுமைப்பயிரை மொட்டையடித்தது. இனி ஊரே திரண்டு வந்து வேலையைப் பிடுங்கிக்கொள்ளும் என்ற நிம்மதியோடு பீர்க்கடைக்குப் போனான்.

"வாண்ணே, இப்படிக் குந்து!" என்று வாட் நகர்ந்து இடம் விட்டான். "உன்னை மாதிரி ஒரு பிண்டரு இந்தச் சீமையிலயே இல்ல. வர்ற வருசமும் நீதான், நாங்க பேசி முடிச்சாச்சு."

அவரவர் மாடு அடுத்தவன் வயலில் மேய்ந்த சந்தோஷத்தில், தன் வயல் போனது ஒருவனுக்கும் உறைக்கவில்லை.

கில்பர்ட் மறுபக்கம் பாய்ந்தான். மன்றம் கூடுவதற்கு ஒரு வாரம் முன்பு, பண்ணை மணியக்காரரின் குதிரை கல்லறைத் தோட்டத்துப் புல்லைக் கடித்தது. கடித்த வாய் மூடுவதற்குள் அது பட்டியில் இருந்தது. தேடி வந்த மணியக்காரரை வேலிக்கு வெளியே நிறுத்தி, "தப்பைச் சத்தமா சொல்லுங்க ஐயா, பின்னால இருக்கிறவங்களுக்குக் கேக்கல" என்றான் கில்பர்ட். அவர் முகம் பீட்ரூட்டாகச் சிவந்தது. வேலை தொலைந்தது என்று அன்று கில்பர்ட் விசிலடித்துக்கொண்டே வீடு திரும்பினான்.

மிக்கேல் திருநாளும் வந்தது. மன்றத்தில் மணியக்காரர் எழுந்தார்.

"என் குதிரையையே அடைச்ச ஆளு இவன். இவனை விட்டா வேற எவனுக்கு இந்தத் துணிச்சல் வரும்? ஆயுசுக்கும் இவன்தான் பிண்டர்!"

எழுத்தர் இறகை மையில் தோய்த்தார். கில்பர்ட்டிடம் மிச்சமிருந்தது உண்மை ஒன்றுதான். வேறு வழியில்லாமல் அதையும் எடுத்தான்.

"ஐயா, சத்தியமா சொல்றேன். கொம்பைப் பாத்தாலே எனக்குக் கால் நடுங்கும். இத்தனை வருசமா எல்லாத்தையும் ஓட்டியாந்து அடைக்கிறது என் பொண்டாட்டி. இந்தக் கோடையில மட்டும் என் பேச்சைக் கேட்டு அவளும் சும்மா இருந்தா. உங்க குதிரையையும் அவதான் பிடிச்சா. நான் சும்மா கதவுகிட்ட நின்னு அதட்டுறவன். நான் எப்படி ஐயா பிண்டர்?"

மன்றமே விழுந்து விழுந்து சிரித்தது.

"அப்போ குடும்பத்தோட பிண்டர்னு சொல்லு" என்று எழுத்தர் எழுதி முடித்து, உரக்கப் படித்தார்: "கில்பர்ட் பிண்டர். அவன் மனைவி எம்மட்."

கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு எம்மட் முன்னால் வந்தாள்.

"தப்பு ஐயா. எம்மட் பிண்டர், அவ புருசன் கில்பர்ட். சுரண்டிட்டு மாத்தி எழுதுங்க."