இடப்பக்கம் திருப்பினால்தான் ஹாரன் அடிக்கும்

என் மனைவி பல்செட் செய்கிறவள். பல் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, ஒரு மேஜை விளக்கு, அரம், மெழுகு, எங்கும் வெள்ளைப் பொடி. இருபத்தாறு வருடமாக ஊரில் பாதிப் பேர் அவள் புண்ணியத்தில்தான் சிரிக்கிறார்கள். 'நல்லா இருக்கும்மா' என்று யார் சொன்னாலும் நம்ப மாட்டாள். ஒரு ஆப்பிள் துண்டைக் கொடுத்துக் கடிக்கச் சொல்லிவிட்டுத் தாடையையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு பக்கமாகவே மென்று பழகியவருக்குப் பல் சரியில்லை என்பதே தெரியாது என்பாள்.

அப்படிப்பட்டவள் கண்ணிலேயே அவளுடைய சொந்தக் கார் மண்ணைத் தூவியது.

கடுகு மஞ்சள் நிறம், இரண்டே கதவு, எங்கள் மகளைவிடப் பதினைந்து வயது மூத்தது. ஏசி கிடையாது, பவர் ஸ்டியரிங் கிடையாது. ஜன்னல் கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் இறக்க வேண்டும். காலையில் சோக் குமிழை இழுத்து, "எந்திரிடி" என்று ஒரு வார்த்தை சொன்னால்தான் எழுந்திருக்கும். பானெட்டைத் திறந்தால் எஞ்சினைத் தாண்டித் தரையே தெரியும். "எது எதோட சேர்ந்திருக்குன்னு கண்ணாலயே பாக்கலாம்ங்க. மிதிச்சா கம்பி இழுக்கும், கம்பி இழுத்தா ஒண்ணு திறக்கும். அவ்வளவுதான் விஷயம்" என்பாள். என் மச்சான் தன் புதுக் காரில் வந்து இறங்கும்போதெல்லாம், "இதைத் தலையச் சுத்தித் தூக்கிப் போடுக்கா" என்பான். "உன் கார்ல ஏறினா சோபால உக்காந்து டிவி பாக்கற மாதிரி இருக்குடா. ரோட்டுல குழி இருந்தா எனக்குத் தெரியணும்" என்று வாயை அடைத்துவிடுவாள்.

நானோ கார் ஓட்டத் தெரியாதவன். தெரியாதவன் என்பது மரியாதைக்குச் சொல்வது, பயந்தாங்கொள்ளி. குடிநீர் அலுவலகத்துக்கு பஸ்ஸில் போய் பஸ்ஸில் திரும்புகிறவன்.

பழைய வண்டிகளுக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தகுதிச் சோதனை உண்டு. முன்பிருந்த அதிகாரி அவளை ஓட்டச் சொல்லிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, தலையாட்டிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். இந்தத் தடவை புதியவர் ஒருவர் வந்திருந்தார். "சாவியக் குடுங்கம்மா, நானே ஓட்டிப் பாக்கறேன்" என்றார்.

ஹாரனை அழுத்தினார். சத்தமே இல்லை.

"ஸ்டியரிங்க லேசா இடப்பக்கம் திருப்பிட்டு அழுத்துங்க சார்" என்றாள் இவள், உலகத்தில் எல்லா ஹாரனும் அப்படித்தான் அடிக்கும் என்பது போல.

அவர் இவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு வண்டியை நகர்த்தினார். இரண்டாம் கியர் தானாகக் கழன்றுகொண்டது. "முழங்காலால முட்டுக் குடுக்கணும் சார்!" என்று பின்னாலேயே ஓடினாள். பிரேக் போட்டதும் வண்டி வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போய் மூலையில் கிடந்த டயர் அடுக்கில் செல்லமாக முட்டி நின்றது.

"பிரேக் போடறப்ப எதிர்ப்பக்கம் கொஞ்சம் பிடிக்கணும் சார். எல்லாரும் பிடிப்பாங்களே."

"யாரும்மா பிடிப்பாங்க?"

அவர் கெட்டவர் இல்லை, ஆனால் கறார். "ஒரு மாசம் டைம் தரேன். அடுத்த தடவையும் இப்படியே வந்துச்சுன்னா பதிவை ரத்து பண்ணிடுவேன். அப்புறம் பழைய இரும்புக் கடைக்குத்தான்" என்றார்.

வீட்டுக்கு வந்தும் அவள் வண்டியைவிட்டு இறங்கவில்லை. "அவர் மூணு கோளாறு கண்டுபிடிச்சார். இன்னும் எத்தனை இருக்குன்னு எனக்கே தெரியலைங்க. என் கையும் காலும் எல்லாத்தையும் மூடி மறைச்சிடுது. மெக்கானிக்கைக் கேக்கலாம்னா, அவரும் இருபது வருஷமா இதையே ஓட்டிப் பழகிட்டாரு" என்றாள்.

"உனக்கே ஒரு ஆப்பிள் துண்டு குடுக்கணும் போலிருக்கு" என்றேன். சும்மா இருந்திருக்கலாம். தாடையைப் பார்ப்பது போல என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நீங்க ஓட்டுங்க."

"நானா? விளையாடறியா?"

"உங்களுக்குத்தான் ஒண்ணுமே தெரியாது. உங்க கிட்ட எதுவும் மறையாது."

இதைவிடப் பெரிய நற்சான்று எனக்கு அலுவலகத்தில்கூடக் கிடைத்ததில்லை.

பழகுநர் உரிமம் எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பூட்டிக் கிடக்கும் ஒரு கிடங்கின் முற்றத்தை அவள் கேட்டு வாங்கினாள். பக்கத்தில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்துகொண்டாள். நான் தடுமாறிய ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பஞ்சாயத்து. "இது உங்க தப்பு." "இல்ல, இது வண்டி தப்பு!" "க்ளட்ச்ச இவ்வளவு மேல விட்டாத்தான் நகருது, இது எந்த ஊர் நியாயம்?" என்று நான் கத்துவேன். "அப்படியா?" என்று ஆச்சரியத்தோடு எழுதிக்கொள்வாள். எனக்கு வந்த கோபத்தில் பாதி நியாயமானதாக இருந்தது. மொத்தம் பதினோரு கோளாறு.

மூன்றாவது ஞாயிறன்று ஒன்று நடந்தது. மூன்றாம் கியர் விழுந்ததை என் உள்ளங்கை உணர்ந்தது, சாவி பூட்டில் உட்காருகிற மாதிரி. சக்கரத்துக்கு அடியில் போன சரளைக்கல் ஸ்டியரிங்கில் தெரிந்தது. ஜன்னல் வழியே காற்று முகத்தில் அடித்தது. முப்பதில்தான் போனேன், தொண்ணூறில் போகிற மாதிரி இருந்தது. எனக்கு வயது ஐம்பத்து நாலு. பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறேன் என்பது அவள் சொல்லித்தான் தெரிந்தது. இந்த வண்டி இரும்புக் கடைக்குப் போய்விடுமே என்று அன்றிலிருந்து எனக்கும் கவலை பிடித்துக்கொண்டது.

கடைசி வாரம் மெக்கானிக் பதினொன்றையும் சரிசெய்தார். அதன்பிறகு இவள் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. "என் கை பட்டா ஏதாவது மறைஞ்சிடும்" என்று தள்ளியே நின்றாள். நானே ஓட்டிப் பார்த்தேன், சோதனைக்கும் நானே ஓட்டிக்கொண்டு போனேன்.

அதிகாரி ஏறினார். ஹாரன் நேராகவே அடித்தது. இரண்டாம் கியர் சொன்ன இடத்தில் நின்றது. பிரேக் போட்டார், வண்டி கோடு போட்டது போல நின்றது. இவள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடியில் எனக்கு ரத்தம் ஓடவில்லை. அவர் இறங்கி முத்திரை குத்தினார். எங்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"குடுங்க சாவிய" என்று பிடுங்கிக்கொண்டு ஏறினாள். வாசல்வரைகூடப் போகவில்லை, வண்டி குதித்து அணைந்துபோனது. மறுபடி கிளப்பினாள், மறுபடி அணைந்தது. மூன்றாவது தடவை, வண்டிக்கு ஏதோ ஆகிவிட்டதென்று அதிகாரியே பதறி எட்டிப் பார்த்தார். வண்டிக்கு ஒன்றும் இல்லை. அவளுடைய கால்தான் பழைய இடத்திலேயே க்ளட்சைத் தேடிக்கொண்டிருந்தது.

அவள் ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். அழுகிறாளோ என்று பதறிவிட்டேன். நிமிர்ந்தபோது கண்ணில் நீர் இருந்தது, சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

"இது என் வண்டியே இல்லைங்க. பொறந்த வீட்டுக்குப் போயிட்டு வந்த மாதிரி மாறிடுச்சு."

எனக்குச் சங்கடமாக இருந்தது. அவளுடைய பொருள் எதையோ எடுத்து வைத்துக்கொண்டவன் போல நின்றேன். அதே சமயம், உண்மையைச் சொல்வதானால், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"நான் ஓட்டட்டுமா?"

"ஒண்ணும் வேண்டாம், உக்காருங்க." மூக்கை உறிஞ்சிக்கொண்டு சாவியைத் திருகினாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்: "சார், க்ளட்ச்ச எங்க விடணும்?"

இத்தனை வருடத்தில் வண்டியைப் பற்றி அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"பாதியிலேயே பிடிக்கும்மா, மெதுவா விடு" என்றேன்.