வெப்பமானிக்குக் கீழே காய்ந்த மிளகு

மலைமேல் இருக்கும் எங்கள் ஊரில் ஆடும் கோழியும் நுழைய முடியாத இடம் ஒன்றே ஒன்றுதான். வெயிலையும் மழையையும் அளக்கும் கருவிக்காக அரசாங்கம் போட்ட கம்பி வேலிக்குள் இருக்கும் சதுரம். ஆளுயரத்துக்குக் கம்பி வலை, இரும்புக் கதவு, பூட்டு. நடுவில் ஒரு கம்பம். அதில் வெள்ளைத் தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாகக் கவிழ்த்து அடுக்கியது போல வெப்பமானி. ஊரார் அதற்கு இட்லிச் சட்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

கருவி தானாக அளந்து தானாகவே நாமக்கல்லுக்கு அனுப்பிவிடும். காலையில் பஸ் பிடிப்பதற்கு முன் சோலார் தகட்டைத் துடைத்து, மழைமானியில் விழுந்த இலைகளைப் பொறுக்குவது மட்டும் என் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரியில் படித்ததும் புவியியல். அதனால் சாவியை என்னிடம் கொடுத்தார்கள். வீட்டில் அது கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். அந்த வேலையை முடித்து, நான் உத்தியோகம் பார்க்கும் சோளக்காட்டு இ-சேவை மையத்துக்குப் போனால், வீடு திரும்பப் பொழுது சாய்ந்துவிடும்.

மையத்துக்குப் பக்கத்து டீக்கடையில்தான் என் மாமா, அம்மாவின் தம்பி, உட்கார்ந்திருப்பார். உலகம் சூடாகிறது என்பதை அவர் ஏற்கவே இல்லை. அவரை ஏற்க வைக்காமல் விடுவதில்லை என்று நானும் இருந்தேன்.

"வெயில் அடிக்குதுன்னு சொல்ல மிஷின் எதுக்கு மாப்ள? தலைய வெளிய நீட்டுனாத் தெரியாதா?"

"போன வருசத்தவிட எவ்வளவு கூடியிருக்குன்னு தலை சொல்லுங்களா மாமா?"

"உன் தலை சொல்லாது. எனக்கு முடி இல்ல, என் தலை சொல்லும்."

புகை, கரியமில வாயு, போர்வை போல அது வெப்பத்தைப் பிடித்து வைப்பது என்று ஒரு டீ ஆறும் வரை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"நம்மூருக்கு வர பஸ்ஸே பாதி நாளு வாரதில்ல. அது உடற பொகையிலயா மலை சூடாவுது? உங்கப்பன் ஒரு துண்டோட திரிஞ்சாரு. நீ பனியனு, அதுக்கு மேல சட்டை, அதுக்கு மேல கழுத்துல ஆபீசு அட்டை. வேர்க்காம என்ன பண்ணும்?"

கடையே சிரித்தது. டீக்குக் காசு கொடுத்தவன் மட்டும் சிரிக்கவில்லை.

அந்த மிளகு அறுவடைக் காலத்தில் எனக்கு ஒரு நல்ல நாள் வந்தது. வேளாண்மைத் துறை மேடம் எங்கள் கருவியின் வரைபடத்தை என் போனுக்கு அனுப்பியிருந்தார். உச்சிவேளைக் கோடு சரசரவென்று ஏறி, அடிவாரத்துச் சேந்தமங்கலத்தின் வெப்பக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. பரீட்சையில் முதல் மதிப்பெண் வாங்கியவனைப் போல அதை மாமாவின் முகத்துக்கு நேரே நீட்டினேன். அன்று டீக்குக் காசு கொடுத்தது அவர்.

சந்தோஷம் அந்த வாரம்கூடத் தாங்கவில்லை. மேடம் போன் செய்தார்.

"தம்பி, உங்க ஊர் மிளகுக்கு ஆகாத சூடுன்னு புதுத் திட்டத்துல வந்திருக்கு. மிளகுக் கன்னு கிடையாது. முருங்கை தரச் சொல்லியிருக்காங்க. ஊர்க்கூட்டத்துக்கு வந்து நானே சொல்லிடறேன்."

வாடல் நோயில் ஊரின் மிளகுக் கொடிகள் பாதி போய்விட்டிருந்தன. இலவசக் கன்றுகள் வரும் என்று எல்லோரும் குழி எடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். எங்கள் வீட்டிலும் குழி தயார்.

"முருங்கை நல்லதுதான்," என்றார் மாமா. "நாளைக்கு வவுத்து வலிக்கு மொளகுக் கசாயம் வேணும்னா, அதையும் உன் இட்லிச் சட்டிகிட்டயே கேட்டுக்கலாம்."

கூட்டத்துக்கு முந்தின நாள் மையத்தில் இணையம் வேலை செய்யவில்லை. உச்சிவெயிலில் வீட்டுக்கு வந்தேன். கருவியின் வேலிக்கதவு திறந்து கிடந்தது. உள்ளே கால் வைக்க இடமில்லாமல் கறுப்புத் தார்ப்பாய்கள், அவற்றின்மேல் மிளகு. நடுவில் குடையைக் கம்பத்தோடு சேர்த்துக் கட்டி, அதன் நிழலில் அம்மா உட்கார்ந்து காலால் மிளகைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா பண்றே?"

"ஏஞ்சாமி, சோறு திங்கலயா இன்னும்?"

"இதுக்குள்ள எதுக்கும்மா மிளகு?"

"ஆடு வராத எடம் இது ஒண்ணுதான கண்ணு. காலம்பர நீ பஸ் ஏறுனதும் விரிக்கறோம், பொழுது எறங்குனாச் சுருட்டிடறோம். தெருவுல எல்லாரும் மொற வெச்சுக்கிட்டோம். நம்மூட்டு வாசலவிட இங்க வெரசாக் காயுது. சர்க்காரு மிஷின் நல்லா சூடு குடுக்குது."

"மிஷின் சூடு குடுக்காதும்மா. சூட அளக்கும்."

"சரி, அளந்துட்டுப் போவட்டும். நாங்க என்ன தடுத்தமா?"

குனிந்து தார்ப்பாயில் கை வைத்தேன். தோசைக்கல்தான். அதிலிருந்து எழும் அனல் நேராக வெள்ளைத் தட்டுகளுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. மிளகு காயப் போட்ட சூட்டை அளந்து, இந்த ஊரில் மிளகு வளராது என்று முடிவு கட்டியிருந்தார்கள்.

சொன்னால் கன்றுகள் வரும். ஆனால் உலகம் சூடாவது பொய் என்று மாமா மலை இறங்கி அடிவாரம் வரைக்கும் சொல்லிக்கொண்டு போவார். குழிகளோ காத்துக் கிடந்தன. சாயங்காலமே மேடத்துக்குப் போன் செய்து, மத்தியானம் போனில் எடுத்த படத்தையும் அனுப்பினேன்.  அவர் அதைப் பார்த்துவிட்டு, "கம்பத்துல கட்டியிருக்கற அந்தக் குடை யாரோடது தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் கூட்டத்தில் விஷயத்தை நானே சொன்னேன். முடிப்பதற்குள் மாமா எழுந்துவிட்டார்.

"ஆக, சூடுங்கறது எங்கக்கா போட்ட தார்ப்பாய். நம்ம மலை எப்பவும் போலத்தான் இருக்குது. இத எழுதிக்கங்க மேடம்."

"பகல் கணக்குதாங்க மாமா கெட்டுது," என்றேன். "ராத்திரியில தார்ப்பாய் கிடையாது. விடியக்காலக் குளிரு கொறஞ்சுக்கிட்டே வருது. மலையில இருக்கற மத்த மிஷினும் அதையே சொல்லுது."

"அங்க யாரு காயப் போட்டாங்களோ."

மறுபடியும் சிரிப்பு. நான் உட்கார்ந்துவிட்டேன். மேடம் சிரிக்கவில்லை.

"தப்பான அளவை நீக்கிட்டு எழுதறேங்க. மிளகுக் கன்னே வாங்கித் தர்றேன். உங்க கீழ்ச்சரிவு நிலம் சும்மாதானே கிடக்கு, அங்க நட்டுக்கறீங்களா?" என்று மாமாவைக் கேட்டார்.

"அங்கெல்லாம் வேண்டாங்க. முன்ன மாதிரி இல்லீங்க, வெயிலு தாங்கறதில்ல. மேல ஓடைப் பக்கம் நட்டாத்தான் நிக்கும்."

அம்மா திரும்பிப் பார்த்தார். "ஏன்டா, எப்பவும் போலத்தான்னு இப்பத்தான சொன்னே?"

"அது வேற, இது வேறக்கா," என்றார் மாமா. அன்று கூட்டம் அதிகமாகச் சிரித்தது அதற்குத்தான்.

மழைக்கு முன் கன்றுகள் வந்தன. மாமா தன்னுடையதை ஓடைப் பக்கம் நிழலில் நட்டார். கருவியை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும் என்றார் மேடம். பெண்கள், மிஷினைக் கொண்டு போங்க, கம்பியை விட்டுட்டுப் போங்க என்றார்கள். வேலிக்குத் தனியாகத் திட்டம் எதுவும் இல்லையாம். கருவிக்கு மட்டும்தான் வேலி உண்டாம். கடைசியில் பழைய வேலி மிளகுக்கே நின்றுவிட்டது. கருவி, திறந்த வெளியாக இருந்த மாமாவின் கீழ்ச்சரிவு நிலத்துக்குப் புது வேலியோடு போனது. சாவியும் அவரிடம் போனது. இப்போது டீக்கடையில் அன்றன்றைய சூட்டைச் சொல்வது அவர்தான். யாராவது சந்தேகப்பட்டால் கோபம் வருகிறது.

அடுத்த அறுவடையில் ஒருநாள் மையத்துக்குப் போன் செய்தார்.

"மாப்ள, ஒரே ஒரு பாயி, ஓரமா விரிச்சுக்கறேன்னு கேக்கறாங்க. பழைய வேலிக்குள்ள மொற கெடைக்கலயாம்."

"வேண்டாம்னு சொல்லுங்க மாமா. கணக்குக் கெட்டுப் போயிரும்."

"சொல்லிட்டேன்."

"யாருங்க கேட்டது?"

"உங்கத்தைதான்." சற்று நிறுத்தினார். "ராத்திரிச் சோத்துக்கு உங்கூட்டுக்கு வாரேன். அக்காகிட்டச் சொல்லி வெச்சுரு."