இடப்பக்கப் புள்ளிகள்

கொரிய மொழியில் எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் பழைய கொரிய நூல்களைக் கணினியில் ஏற்றும் வேலைக்குத் துணிந்து விண்ணப்பித்தேன். லண்டன் பிளேஸ்டோவில் ஓர் அச்சகத்தில் இருபது வருடம் திருமண அழைப்பிதழும் மரண அறிவித்தலும் தமிழில் அடித்த கை இது.

"ஒரு எழுத்தும் தெரியாமல் எப்பிடி அடிக்கப்போறீர்?" என்றார் கணவர்.

"வாசிக்கிற ஆக்களுக்குத்தான் பாஷை வேணும். அடிக்கிற ஆளுக்குக் கண் இருந்தால் காணும்."

வேலை கிடைத்தது. முதல் மாதம் சோதனைக் காலம். தேறாவிட்டால், அச்சகம் மூடிய பிறகு நான் இருந்த சூப்பர்மார்க்கெட் கல்லாதான் மறுபடி. அந்தப் பீப் சத்தத்துக்கு இனித் திரும்புவதில்லை என்று முடிவெடுத்திருந்தேன்.

இன்றைய கொரியர்கள் கைவிட்ட எழுத்துகள் அந்தப் பக்கங்களில் இருந்தன. முக்கோணம்கூட அங்கே ஓர் எழுத்து. பல எழுத்துகளின் இடப்பக்கத்தில் குரல் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் புள்ளிகள் வேறு. மூன்று வாரத்தில் நாற்பது பக்கம் அடித்துக் கொடுத்தேன்.

நான்காவது வாரம், என் வேலையை மேற்பார்த்த கொரிய ஆராய்ச்சியாளர் தன் கணினியில் அதைத் திறந்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். அங்கே ஒவ்வொரு புள்ளியும் முந்தைய எழுத்தோடு போய் ஒட்டிக்கொண்டிருந்தது. என் கணினியிலிருந்த பழைய எழுத்துரு இதைக் காட்டிக்கொடுக்கவில்லை.

காரணம் விளங்கியதும் என்மேலேயே கோபம் வந்தது. புள்ளி கண்ணுக்கு இடப்பக்கம் நின்றாலும், எழுத்தை அடித்த பிறகுதான் அதை அடிக்க வேண்டும். நானோ பழைய தமிழ் எழுத்துருவில் 'கெ' அடிப்பதுபோல, முதலில் கொம்பு, பிறகு எழுத்து என்ற கணக்கில் புள்ளியை முந்தி அடித்திருக்கிறேன். இருபது வருடப் பழக்கம் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வேலை பார்த்திருக்கிறது.

"திரும்ப அடிக்கத் தேவையில்லை," என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "எல்லாப் புள்ளியையும் அடுத்த எழுத்துக்குப் பின்னால் தள்ளச் சொல்லிக் கணினிக்கு ஒரே கட்டளை கொடுத்தால் போதும்."

"இடையில் எங்காவது சரியாக அடித்திருந்தால் அது கெட்டுவிடுமே?"

"அடித்திருக்க மாட்டேன்," என்றேன். என் கையை எனக்குத் தெரியாதா?

கட்டளை ஓடியது. மூலப் பக்கங்களோடு அவர் இரண்டு நாள் வரிவரியாக ஒப்பிட்டார். நான் தேநீர் குடித்தே அந்த இரண்டு நாளையும் தள்ளினேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் என் மேசைக்கு வந்தார்.

"அடுத்த நூலைத் திங்கட்கிழமை தருகிறேன்," என்றார். "நாற்பது பக்கத்தில் ஓரிடத்தில்கூட நீங்கள் தவறிப்போய்ச் சரியாக அடிக்கவில்லை."